வெள்ளை அணுக்கள் போடும் தண்டோரா

காலில் ஒரு முள் குத்துகிறது. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். மறுநாள் காலையில் பார்த்தால் குத்திய இடம் சிவந்திருக்கிறது. வீங்கியிருக்கிறது. தொட்டால் சுடுகிறது. காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. இரண்டு நாள் கழித்துச் சீழ் வைக்கிறது. சில பேருக்குக் காய்ச்சலும் வந்துவிடுகிறது.

"விஷக் கிருமி உள்ளே போய்விட்டது. அதுதான் இந்தப் பாடு படுத்துகிறது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள்.

கிருமி உள்ளே போனது உண்மைதான். ஆனால் அந்தச் சிவப்பு, வீக்கம், சூடு, வலி எல்லாம் பெரும்பாலும் கிருமி செய்த வேலை அல்ல. நம் உடம்பே செய்த வேலை!

நம்ப முடியவில்லை அல்லவா? நீண்ட காலம் டாக்டர்களாலும் நம்ப முடியவில்லை. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே செல்சஸ் என்ற ரோமானியர், "சிவப்பு, வீக்கம், சூடு, வலி" என்று அழற்சியின் நான்கு அடையாளங்களை எழுதி வைத்துவிட்டார். நெருப்பு வைத்தது போல எரிவதால் அழற்சி என்று பெயர். அடையாளம் தெரிந்ததே தவிர, அதை உண்டாக்குவது யார் என்பது தெரிய 19 நூற்றாண்டுகள் ஆயின.

குற்றவாளி என்று சொல்வதா, காவல்காரன் என்று சொல்வதா? இரண்டும் ஒருவனேதான். நம் ரத்தத்தில் ஓடுகிற வெள்ளை அணு!

சர்க்கஸ் பார்க்கப் போகாதவர்

ஒரு குண்டூசித் தலை அளவு ரத்தத்தை, அதாவது ஒரு கன மில்லி மீட்டர் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், அதில் சிவப்பு அணுக்கள் சுமார் 50 லட்சம் இருக்கும். வெள்ளை அணுக்கள் 4,000 முதல் 11,000 வரைதான் இருக்கும். எண்ணிக்கையில் சிறுபான்மை. ஆனால் இவை செய்கிற வேலை பெரிது.

அந்த வேலையை முதலில் நன்றாகப் புரிந்துகொண்டவர் இலியா மெச்னிகாவ். இன்றைய உக்ரைன் நாட்டில் 1845-ல் பிறந்தவர். ஒடெஸா நகரில் பேராசிரியராக இருந்தார். அந்த வேலையை விட்டுவிட்டு 1882-ல் குடும்பத்தோடு இத்தாலியில் உள்ள மெசினா என்ற கடற்கரை ஊருக்குப் போனார்.

ஒரு நாள் வீட்டார் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். பழக்கிய குரங்குகள் அங்கே வித்தை காட்டின. மெச்னிகாவ் மட்டும் போகவில்லை. பூதக் கண்ணாடியும் கையுமாக வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது நட்சத்திர மீனின் குஞ்சு. அதன் உடம்பு கண்ணாடி போன்றது. உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். அதன் உடம்புக்குள் சில அணுக்கள் இங்கும் அங்கும் ஊர்ந்துகொண்டிருந்தன.

திடீரென்று அவருக்கு ஒரு யோசனை. "நம் விரலில் முள் குத்தினால் சீழ் பிடிக்கிறதே! இந்தக் குஞ்சுக்கு முள் குத்தினால் என்ன ஆகும்?"

தோட்டத்துக்கு ஓடினார். ரோஜாச் செடியில் முட்களை ஒடித்து வந்தார். குஞ்சின் உடம்பில் குத்தி வைத்தார். அன்று இரவு முழுவதும் அவருக்குத் தூக்கம் இல்லை. விடிந்ததும் எழுந்து போய்ப் பார்த்தார். ஊர்ந்துகொண்டிருந்த அணுக்கள் எல்லாம் முள்ளைச் சுற்றிக் கூட்டமாக மொய்த்திருந்தன!

உடம்புக்குள் நுழைந்த அன்னியனை இந்த அணுக்கள் சூழ்ந்துகொண்டு விழுங்குகின்றன என்று மெச்னிகாவ் சொன்னார். பலர் சிரித்தார்கள். அவர் விடவில்லை. கடைசியில் 1908-ல் அவருக்கும் ஜெர்மனி டாக்டர் பால் எர்லிக்குக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. முள் குத்தியது ஓர் இடத்தில். அணுக்கள் இருந்தது வேறு இடத்தில். அவற்றுக்குக் கண் இல்லை, காது இல்லை. இங்கே முள் குத்தியிருக்கிறது என்று அவற்றுக்கு யார் போய்ச் சொன்னது?

சேதி பரவும் விதம்

முன்பெல்லாம் கிராமத்தில் எல்லோருக்கும் ஒரு சேதி சொல்ல வேண்டுமானால் தண்டோரா போடுவார்கள். தமுக்கு அடிக்கும் சத்தம் கேட்டதும் வீட்டுக்குள் இருப்பவர்கள் வாசலுக்கு ஓடி வருவார்கள். உடம்புக்குள்ளும் அப்படி ஒரு தண்டோரா உண்டு. சத்தத்துக்குப் பதில் ரசாயனம். அவ்வளவுதான் வித்தியாசம்.

தோலுக்கு அடியிலும், நுரையீரலிலும், ஈரலிலும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை நிரந்தரமாகக் குடியிருக்கிறது. மெச்னிகாவ் இதற்கு வைத்த பெயர் மேக்ரோபேஜ். "பெருந்தீனிக்காரன்" என்று பொருள். ஊர்க் காவல்காரன் வேலை இதற்கு.

முள்ளோடு கிருமிகள் உள்ளே வருகின்றன. கிருமியின் மேல் சுவரில் உள்ள சில பொருள்கள் நம் உடம்பில் எங்கும் கிடையாதவை. காவல்கார அணுவின் மேல் பரப்பில் அந்தப் பொருள்களைக் கண்டுபிடிப்பதற்கென்றே பூட்டுப் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. கிருமியின் துண்டு சாவி போல அதில் மாட்டிக்கொள்கிறது. இந்தப் பூட்டுகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக அமெரிக்காவின் புரூஸ் பாய்ட்லரும் பிரான்சின் ஜூல்ஸ் ஹாஃப்மனும் 2011-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

சாவி திரும்பியதும் காவல்கார அணு சும்மா இருப்பதில்லை. சில புரதங்களைத் தயார் செய்து வெளியே கக்குகிறது. டி.என்.எப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 என்று அவற்றுக்குப் பெயர். பெயர்கள் வாயில் நுழையாதவைதான். செய்கிற வேலை எளிதில் புரியும்.

டி.என்.எப். பக்கத்திலுள்ள மெல்லிய ரத்தக் குழாய்க்குப் போகிறது. அதன் தூண்டுதலால் குழாய் விரிகிறது. ரத்தம் அதிகமாக வந்து பாய்கிறது. சிவப்பும் சூடும் அதனால்தான். குழாயின் சுவரில் இடைவெளி விழுகிறது. ரத்தத்திலுள்ள நீர் கசிந்து சதைக்குள் இறங்குகிறது. வீக்கம் அதனால்தான். வீங்கிய சதை நரம்பை அழுத்துகிறது. சில ரசாயனங்கள் நரம்பையே நேராகத் தூண்டுகின்றன. வலி அதனால்தான்!

இன்னொரு காரியமும் நடக்கிறது. வழுவழுப்பாக இருந்த ரத்தக் குழாயின் உட்சுவர், பலாப்பழப் பிசின் தடவியது போல ஒட்டும் தன்மை அடைகிறது. வேகமாக ஓடி வருகிற வெள்ளை அணுக்கள் அந்த இடத்தில் தடுமாறுகின்றன. உருளுகின்றன. ஒட்டிக்கொள்கின்றன. பிறகு உடம்பைக் குறுக்கிக்கொண்டு, சுவரின் இடுக்கு வழியாக நுழைந்து வெளியே வந்துவிடுகின்றன.

வந்த பிறகு எந்தப் பக்கம் போவது? இன்டர்லூக்கின்-8 வழி காட்டுகிறது. முள் குத்திய இடத்தில் அது அதிகமாக இருக்கும். விலக விலகக் குறையும். சர்க்கரை டப்பாவை மோப்பம் பிடித்துப் போகிற எறும்பு போல, வெள்ளை அணு அந்த ரசாயனம் கூடுகிற திசையிலேயே ஊர்ந்து போய்ச் சேருகிறது. கிருமியை விழுங்குகிறது. கொல்கிறது. தானும் மடிகிறது. நாம் அருவருப்போடு துடைத்து எறிகிற சீழில் பெரும் பகுதி, நமக்காகப் போராடி மடிந்த இந்த அணுக்களே.

இப்படி மடிகிறவற்றுக்கு நியூட்ரோபில் என்று பெயர். ஆயுள் சில மணி நேரம் முதல் சில நாள் வரைதான். ஆகவே நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களைப் புதிதாக உற்பத்தி செய்கிறது. எந்தத் தொழிற்சாலையிலும் இந்த வேகத்தில் வேலை நடப்பதில்லை!

காய்ச்சல் எங்கிருந்து வருகிறது?

காலில் முள் குத்தினால் உடம்பெல்லாம் ஏன் சுடுகிறது?

கிருமியின் விஷம்தான் காய்ச்சலை உண்டாக்குகிறது என்றே முன்பு நினைத்தார்கள். 1948-ல் அமெரிக்க டாக்டர் பால் பீஸன் ஒரு சோதனை செய்தார். முயலின் வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்து எடுத்தார். அவற்றிலிருந்து ஒரு சாறு எடுத்தார். அதில் கிருமியோ, கிருமியின் விஷமோ கலந்துவிடாமல் மிகவும் ஜாக்கிரதையாக இருந்தார். ஏனென்றால் அதற்கு முன் இப்படிச் சோதனை செய்தவர்கள் அங்கேதான் ஏமாந்து போனார்கள். அந்தச் சாற்றை இன்னொரு முயலுக்கு ஊசி போட்டார். முயலுக்குக் காய்ச்சல் வந்தது!

கிருமியே இல்லாமல் காய்ச்சல். அப்படியானால் காய்ச்சலை உண்டாக்கும் பொருள் வெள்ளை அணுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அந்தப் பொருளைத் தனியாகப் பிரிப்பது லேசான காரியமாக இல்லை. அது இருப்பதே அத்தனை குறைவு. டாக்டர் சார்லஸ் டினரெல்லோவும் அவருடைய கூட்டாளிகளும் பல ஆண்டுகள் பாடுபட்டு, 1977-ல் மனித அணுக்களிலிருந்து அதைச் சுத்தமாகப் பிரித்தார்கள். அதுதான் பிறகு இன்டர்லூக்கின்-1 என்று பெயர் பெற்றது. ஒரு கிராமைப் பத்துக் கோடிப் பங்கு போட்டு, அதில் ஒரு பங்கு எடுங்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு அந்த ஒரு பங்கு போதும். மனிதனுக்குக் காய்ச்சல் வந்துவிடும்!

பெயர் வந்த கதையும் சுவையானது. இந்த ரசாயனங்களைப் பல ஆராய்ச்சிக் கூடங்களில் தனித் தனியாகக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு பெயர் வைத்தார்கள். ஒரே பொருளுக்கு எட்டுப் பத்துப் பெயர்! குழப்பம் தாங்காமல் 1979-ல் ஸ்விட்சர்லாந்தில் உள்ள எர்மாட்டிங்கன் என்ற சிற்றூரில் கூடிப் பேசினார்கள். "வெள்ளை அணுக்களுக்கு இடையே" என்று பொருள்படும்படி இன்டர்லூக்கின் என்று வைத்து, அதற்கு எண்ணும் கொடுத்தார்கள். அன்று கொடுத்தது இரண்டே எண்கள். இன்றோ முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது.

இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 இரண்டும் ரத்தத்தோடு மூளையை எட்டுகின்றன. மூளையின் அடியில் உடம்புச் சூட்டை ஒரே நிலையில் வைத்திருக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாகிறது. "98.6 டிகிரி போதாது, 102 வேண்டும்" என்பது போல மூளை கணக்கை மாற்றிக்கொள்கிறது. உடனே உடம்பு குளிர்வதாகத் தோன்றுகிறது. பல் கிட்டுகிறது. நடுக்கம் எடுக்கிறது. கம்பளியைப் போர்த்திக்கொள்கிறோம். நடுங்க நடுங்க உடம்பு சூடேறுகிறது.

ஆஸ்பிரின் மாத்திரை போட்டால் காய்ச்சல் இறங்குகிறதே, எப்படி? 1971-ல் இங்கிலாந்தின் ஜான் வேன் இதைக் கண்டுபிடித்தார். ஆஸ்பிரின் கிருமியைக் கொல்வதில்லை. வெள்ளை அணுவின் தண்டோராவையும் நிறுத்துவதில்லை. கடைசிப் படியான புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதை மட்டும் தடுக்கிறது. தமுக்கு அடித்துக்கொண்டேதான் இருக்கிறது. நாம் காதைப் பொத்திக்கொள்கிறோம். மாத்திரையின் வேகம் குறைந்ததும் காய்ச்சல் மறுபடி ஏறுவது அதனால்தான்.

காய்ச்சலுக்கு டாக்டரிடம் போனால், "சி.ஆர்.பி. பார்த்து வாருங்கள்" என்று ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புகிறார் அல்லவா? சி.ஆர்.பி. என்பது ஈரல் செய்யும் ஒரு புரதம். இன்டர்லூக்கின்-6 வந்து சொன்னால் ஈரல் அதை ஏராளமாகச் செய்யும். அது ஏறியிருந்தால், உடம்பில் எங்கோ தண்டோரா நடக்கிறது என்று டாக்டர் புரிந்துகொள்கிறார்.

மாடு ஏன் இளைத்தது?

வேலை முடிந்ததும் தண்டோரா நிற்க வேண்டும். சாதாரணமாக நின்றுவிடும். இந்த ரசாயனங்கள் ரத்தத்தில் நெடு நேரம் தங்குவதில்லை. "போதும், கலைந்து போங்கள்" என்று சொல்கிற ரசாயனங்களும் உண்டு. இன்டர்லூக்கின்-10 அப்படிப்பட்டது. காவல்கார அணுக்கள் செத்த அணுக்களைத் தின்று இடத்தைச் சுத்தம் செய்கின்றன. வீக்கம் வற்றுகிறது. ஒரு வாரத்தில் காலில் வடு கூட இருப்பதில்லை.

நிற்காவிட்டால்?

ஆப்பிரிக்காவில் ட்சேட்சே என்ற ஈ கடித்து மாடுகளுக்கு ஒரு நோய் வரும். மாடு நாளுக்கு நாள் இளைக்கும். எலும்பும் தோலுமாகிச் சாகும். நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக் கழகத்தின் ஆண்டனி செராமி இதைப் பார்த்து யோசித்தார். இந்த வகை நோயில், ஒட்டுண்ணி மிகக் கொஞ்சமாக இருக்கும்போதே பிராணி உருகிப் போகிறது. ஒட்டுண்ணி தின்று தீர்த்திருக்க முடியாது. வேறு ஏதோ ஒன்று உள்ளிருந்து உருக்குகிறது.

தேடிப் பார்த்ததில் வெள்ளை அணு கக்கும் ஒரு பொருள் அகப்பட்டது. 1985-ல் செராமியும், அவரோடு வேலை பார்த்த புரூஸ் பாய்ட்லரும் அது என்ன என்று கண்டறிந்தார்கள். அது புதிய பொருளே அல்ல. பத்தாண்டுகளுக்கு முன், 1975-ல் நியூயார்க்கில் லாயிட் ஓல்ட் குழுவினர், எலியின் புற்றுக் கட்டியை அழிக்கிற பொருள் என்று பெயர் சூட்டிய அதே டி.என்.எப்.! ஒரு பக்கம் கட்டியை அழிக்கிறது. இன்னொரு பக்கம் உடம்பையே உருக்குகிறது. எலிகளுக்கு அதைத் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, பிறகு கிருமியின் விஷத்தை ஊசி போட்டார்கள். சாக வேண்டிய எலிகளில் பல பிழைத்துக்கொண்டன. கொன்றது விஷம் அல்ல, விஷத்தைக் கண்டு உடம்பு போட்ட கூச்சல்தான் என்பது அதிலிருந்து தெரிந்தது.

லண்டனில் நடந்த அதிசயம்

முடக்கு வாதம் என்று ஒரு நோய் உண்டு. வயதானவர்களுக்கு முழங்கால் தேய்ந்து வரும் வலி வேறு. இது வேறு. முப்பது, நாற்பது வயதிலேயே வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். காலையில் எழுந்ததும் விரல் மடங்காது. தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாது. ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியாது. தலை வாரிக்கொள்ள இன்னொருவர் வேண்டும். நாளடைவில் விரல்கள் கோணி, மூட்டுகள் அரித்துப் போகும்.

அங்கே முள்ளும் இல்லை, கிருமியும் இல்லை. வெள்ளை அணுக்கள் மூட்டுக்குள் கூடிக்கொண்டு, ஓயாமல் தண்டோரா போட்டுக்கொண்டிருக்கின்றன. எதிரியே இல்லாத இடத்தில் யுத்தம். சொந்த மூட்டுத்தான் போர்க்களம்.

லண்டனில் இரண்டு பேர் இதை ஆராய்ந்தார்கள். ஒருவர் ரவீந்தர் மைனி. பஞ்சாபில் லூதியானாவில் 1937-ல் பிறந்தவர். மற்றவர் மார்க் ஃபெல்ட்மன். போலந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் படித்தவர். நோயாளிகளின் மூட்டிலிருந்து எடுத்த சதையைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். அதில் ஒரு ரசாயனம் அல்ல, ஒரு கூட்டமே இருந்தது. அத்தனையும் அழற்சியைத் தூண்டுபவை.

"இத்தனை இருக்கும்போது ஒன்றைத் தடுத்து என்ன பயன்? மற்றவை வேலையைச் செய்துவிட்டுப் போகும்" என்பதே பலருடைய அபிப்பிராயம். கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் 1989-ல் ஃபெல்ட்மன் குழுவினர், டி.என்.எப். ஒன்றை மட்டும் கிண்ணத்தில் தடுத்துப் பார்த்தார்கள். இன்டர்லூக்கின்-1 உற்பத்தியும் படுத்துவிட்டது! மற்றவையும் பின்னால் குறைந்தன. கூட்டத்துக்கு ஒரு தலைவன் இருக்கிறான், அவனைப் பிடித்தால் போதும் என்று தெரிந்தது.

கிண்ணத்தில் நடப்பது மனிதனிடம் நடக்குமா?

1992-ல் லண்டன் சேரிங் கிராஸ் ஆஸ்பத்திரியில் மைனியும் ஃபெல்ட்மனும் துணிந்து இறங்கினார்கள். டி.என்.எப்.-ஐப் பிடித்து முடக்கும் மருந்து ஒன்று அமெரிக்காவில் தயாராகியிருந்தது. வேறு எந்த மருந்துக்கும் கேட்காத 20 நோயாளிகளுக்கு அதை ரத்தத்தில் ஏற்றினார்கள். சில நாள்களுக்குள்ளேயே வீக்கம் வடிந்தது. வலி குறைந்தது. ஆண்டுக் கணக்கில் விறைத்துக் கிடந்த மூட்டுகள் அசைந்தன. ரத்தத்தில் சி.ஆர்.பி.யும் இறங்கியது.

ஆனால் டாக்டர்கள் இதை மட்டும் நம்பிவிட மாட்டார்கள். புது மருந்து என்ற நம்பிக்கையிலேயே சில பேருக்கு வலி குறைவது உண்டு. அதனால் அடுத்த சோதனையை வேறு விதமாகச் செய்தார்கள். 73 நோயாளிகள். சிலருக்கு நிஜ மருந்து. சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் நீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, சோதிக்கும் டாக்டருக்கும் தெரியாது. நான்கு வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். வெறும் நீர் ஏறிய 24 பேரில் 2 பேருக்கே குணம் தெரிந்தது. அதிக அளவு மருந்து பெற்ற 24 பேரில் 19 பேருக்குக் குணம் தெரிந்தது! 1994-ல் இந்த முடிவு வெளியானது. அதற்குப் பிறகு யாரும் விவாதிக்கவில்லை.

இதை முழு வெற்றி என்று சொல்வதற்கில்லை. மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பி வந்தது. தலைவனைக் கட்டிப் போடலாம், ஆனால் அவன் ஏன் கலகம் செய்கிறான் என்பது இன்னும் முழுமையாக விளங்கவில்லை. விலையும் எட்டாத உயரத்தில் இருந்தது. 2014-ல் இந்தியக் கம்பெனி ஒன்று இந்த வகை மருந்து ஒன்றை மலிவாகச் செய்து விற்க ஆரம்பித்தது. அப்படியும் கூலி வேலை செய்கிற குடும்பத்துக்கு அது பெரும் செலவுதான்.

தூங்கும் காச நோய்

மருந்து பரவிய சில ஆண்டுகளில் எதிர்பாராத சேதி வந்தது. 2001-ல் அமெரிக்க டாக்டர்கள் வெளியிட்ட கணக்கில், இந்த மருந்து பெற்றவர்களில் 70 பேருக்குக் காச நோய் கண்டிருந்தது. பெரும்பாலோருக்கு மருந்து தொடங்கிய சில மாதங்களுக்குள்ளேயே!

காரணம் இதுதான். காச நோய்க் கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வெள்ளை அணுக்கள் அதைச் சுற்றி வளைத்து, கோட்டைச் சுவர் போல நின்று, சிறை வைத்துவிடுகின்றன. கிருமி சாகாமல், வெளியே வரவும் முடியாமல், பல ஆண்டுகள் தூங்கிக் கிடக்கும். அந்தச் சுவரைக் கலையாமல் நிற்க வைக்கிற சேதி எது தெரியுமா? அதே டி.என்.எப்.! அதைத் தடுத்ததும் சுவர் இடிந்தது. கைதி வெளியே வந்துவிட்டான்.

நம் நாட்டில் இப்படித் தூங்கும் கிருமியைச் சுமந்துகொண்டு நடமாடுகிறவர்கள் கோடிக் கணக்கில் இருக்கிறார்கள். ஆகவே இந்த ஊசி போடுவதற்கு முன் மார்பு எக்ஸ்ரே எடுத்து, காச நோய்ச் சோதனையும் செய்து பார்க்கிறார்கள். "மூட்டு வலிக்கு வந்தால் மார்பை ஏன் படம் எடுக்கிறார்கள்?" என்று சில பேர் கோபித்துக்கொள்கிறார்கள். டாக்டர்கள் காரணத்தை எடுத்துச் சொன்னால் அந்தக் கோபம் வராது.

தண்டோரா புயலானால்

மூட்டில் மட்டும் அல்லாமல், உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் தண்டோரா எழுந்தால் என்ன ஆகும்?

2006 மார்ச் 13-ந் தேதி லண்டனில் அது நடந்தது. புது மருந்து ஒன்றை முதல் முதலாக மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். ஆரோக்கியமான எட்டு வாலிபர்கள். இரண்டு பேருக்கு வெறும் நீர். ஆறு பேருக்கு மருந்து. பிராணிகளுக்குத் தீங்கு செய்யாத அளவில் 500-ல் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். ஆனாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகு வலி, வாந்தி, காய்ச்சல் என்று ஆறு பேரும் துடித்தார்கள். அன்றிரவுக்குள் நுரையீரலும் சிறுநீரகமும் தடுமாறின. மருந்து விஷம் அல்ல. அது வெள்ளை அணுக்களை ஒரேயடியாக உசுப்பிவிட்டது. ரத்தத்தில் டி.என்.எப்.பும் இன்டர்லூக்கின்களும் வெள்ளமாகப் பெருகின. ஆறு பேரும் பிழைத்தார்கள். ஒருவர் விரல்களை இழந்தார். இதற்கு "சைட்டோகைன் புயல்" என்று பெயர். இந்தச் சேதி ரசாயனங்கள் எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர் சைட்டோகைன்.

ஆறு ஆண்டு கழித்து அமெரிக்காவில், பிலடெல்பியா நகரக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இதே புயல் வீசியது. ரத்தப் புற்று நோயால் வாடிய ஆறு வயதுச் சிறுமி அவள். எல்லா மருந்தும் தோற்றுவிட்டன. 2012 ஏப்ரலில் டாக்டர்கள் அவளுடைய வெள்ளை அணுக்களையே எடுத்து, புற்று அணுவை அடையாளம் காணும்படி மாற்றி, மறுபடி அவள் உடம்பில் செலுத்தினார்கள். குழந்தைகளில் இந்தச் சிகிச்சை பெற்ற முதல் ஆள் அவள்.

மாற்றிய அணுக்கள் வேலையைத் தொடங்கின. கூடவே புயலும் வந்தது. காய்ச்சல் 105 டிகிரியைத் தாண்டியது. ரத்த அழுத்தம் விழுந்தது. மூச்சு விடவும் இயந்திரம் வைக்க வேண்டியதாயிற்று. பெற்றோர் நம்பிக்கையைக் கைவிடும் நிலை.

அவசரமாக ரத்தத்தைச் சோதித்தார்கள். இன்டர்லூக்கின்-6 இருக்க வேண்டிய அளவைப் போல ஆயிரம் மடங்கு இருந்தது! விஞ்ஞானி கார்ல் ஜூனுக்கு ஒரு மருந்தின் பெயர் ஞாபகம் வந்தது. இன்டர்லூக்கின்-6-ன் வேலையைத் தடுக்கும் டோசிலிசுமாப். புற்று நோய் மருந்து அல்ல அது. முடக்கு வாத மருந்து! அவருடைய குடும்பத்திலேயே ஒருவருக்கு மூட்டு நோய் இருந்ததால் அதைத் தெரிந்து வைத்திருந்தார். ஜப்பானில், இன்டர்லூக்கின்-6-ஐ 1986-ல் இனம் கண்ட ஒசாகா விஞ்ஞானி கிஷிமோட்டோவின் ஆராய்ச்சியில் பிறந்த மருந்து அது.

மருந்து ஏறிய சில மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. சில நாளில் சிறுமி கண் விழித்தாள். அன்று அவளுக்கு ஏழாவது பிறந்த நாள்! புற்று நோயும் மறைந்திருந்தது. பத்தாண்டு கழித்தும் அது திரும்பி வரவில்லை. 2017 ஆகஸ்டு 30-ந் தேதி அமெரிக்க சர்க்கார் இந்த அணுச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. அதே நாளில், புயலை அடக்க டோசிலிசுமாப் மருந்தையும் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது.

2020-ல் கொரோனா வந்தபோது உலகத்துக்கே இந்தப் புயல் பழக்கமாகிவிட்டது. பல நோயாளிகளுக்கு முதல் வாரம் சாதாரணக் காய்ச்சல். இரண்டாவது வாரம் மூச்சுத் திணறல். அந்த இரண்டாவது வாரத்தில் நுரையீரலைக் கெடுத்ததில் வைரசைவிட வெள்ளை அணுக்களின் பங்கு பெரிது. 2020 ஜூனில் இங்கிலாந்திலிருந்து ஒரு முடிவு வந்தது. டெக்சாமெத்தசோன் என்ற மலிவான பழைய ஸ்டீராய்டு மருந்து தண்டோராவை மொத்தமாக அடக்கக் கூடியது. மூச்சு இயந்திரம் வைத்த நோயாளிகளில், அந்த மருந்து பெறாதவர்களில் 100-க்கு 41 பேர் இறந்தார்கள். பெற்றவர்களில் 100-க்கு 29 பேர் இறந்தார்கள்.

ஆனால் ஆக்சிஜனே தேவைப்படாத நோயாளிகளுக்கு அந்த மருந்தால் எந்தப் பயனும் தெரியவில்லை. அவர்களிடம் தண்டோரா இன்னும் சரியாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. இது தெரியாமல், காய்ச்சல் வந்த முதல் நாளே கடையில் ஸ்டீராய்டு வாங்கி விழுங்கியவர்கள் உண்டு. 2021-ல் நம் நாட்டில் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது, கட்டுக்கு அடங்காத சர்க்கரை வியாதியோடு அளவு மீறிய ஸ்டீராய்டையும் டாக்டர்கள் காரணமாகக் காட்டினார்கள். அதனால்தான் அந்த நாள்களில் ஆஸ்பத்திரிகளில் மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன், நோயாளியின் விரலில் கருவியை மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று முதலில் பார்த்தார்கள்.